கோடு விழுந்த லேப்டாப்

உனைசி, பஸ்காரர் முனிரத்தினத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு டாலர் கடன்பட்டிருந்தாள். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் பணம் கைக்கு வந்துவிட வேண்டும் என்ற பேச்சு ஒன்றுதான். பிஜியின் லபாசா டவுனில் முனிரத்தினத்திடம் இப்படி வாங்கியவர்கள் அதிகம் இல்லை. அவர் லேசில் கொடுக்க மாட்டார். ஓட்டை பஸ்ஸில் டிக்கெட் கிழித்துத் தொடங்கி, சொந்தமாக நான்கு பஸ் ஓடவிட்டவர். பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்ததை விட பஸ் படிக்கட்டில் நின்றது அதிகம். சொந்தக் காலில் நிற்கப் பார்க்கிற ஆளை நடையை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். நம்மைப் போலக் கையூன்றி எழுந்தவர்களுக்கு அந்தக் கண் உண்டு. படித்து வேலைக்குப் போனவர்களுக்கு அது வராது.

உனைசியிடம் அவர் அப்படி எதையோ பார்த்திருக்க வேண்டும். பிஜியின் பூர்வகுடிப் பெண், நாற்பத்திரண்டு வயது. புருஷன் மாசியு ஆஸ்திரேலியாவுக்குப் பழம் பறிக்கப் போனான். முதல் வருஷம் பணம் அனுப்பினான், இரண்டாம் வருஷம் போட்டோ அனுப்பினான், மூன்றாம் வருஷம் அந்தப் போட்டோவில் வேறொருத்தி நின்றாள். உனைசி அழுது முடித்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போனாள். வேலை, பெரிய தெருவில் ஓர் அச்சுக்கடையில் டைப் அடிப்பது. ஒன்பது வருஷம் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.

அவள் அடித்ததில் முக்கால்வாசி சாவுப் புத்தகம். லபாசாவில் ஒருத்தர் கண்ணை மூடினால் முதலில் பாதிரியாருக்குச் சொல்வார்கள், அடுத்தது பன்றிக்கு விலை பேசுவார்கள், மூன்றாவது புத்தகத்துக்கு ஆள் அனுப்புவார்கள். அட்டையில் இறந்தவர் படம், உள்ளே பிறந்த நாள், போன நாள், பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் பெயர், பாட வேண்டிய பாட்டுகள். கோவிலுக்குள் நுழைகிற ஒவ்வொருவர் கையிலும் ஒன்று இருக்க வேண்டும். ஒரு சாவுக்கு முதலாளி நானூறு டாலர் வாங்குவார். உனைசிக்கு மணிக்கு நான்கு டாலர் கொடுப்பார். ஒன்பது வருஷம் கழித்துத்தான் அவளுக்கு அந்தக் கணக்கு உறைத்தது. உறைத்த அன்றே பஸ் நிலையத்துக்குப் போய் முனிரத்தினத்தின் முன்னால் நின்றாள்.

"அண்ணே, பழைய பிரிண்டர் ஒண்ணு என் காசுல வாங்கிட்டேன். லேப்டாப்புக்குத்தான் இல்ல."

"எதுக்கு லேப்டாப்? சினிமா பாக்கவா?"

"செத்தவங்கள அடிக்க."

அவர் சிரிக்கவில்லை. "செத்தவங்க காசு தர மாட்டாங்களே."

"உசுரோட இருக்கறவங்க தருவாங்க அண்ணே. அந்தக் காசத்தான் ஒம்போது வருஷமா எம் முதலாளி எண்ணிக்கிட்டு இருக்காரு."

முனிரத்தினம் பனியனுக்குள் கைவிட்டுப் பணப்பெட்டிச் சாவியை எடுத்தார். அவ்வளவுதான் பேச்சு.

அவள் போன கடை லபாசாவில் எல்லாருக்கும் தெரிந்த கடை. பேர் சொல்ல வேண்டாம். குளிர்பெட்டி, டிவி, சோபா, லேப்டாப் எல்லாம் ஒரே கூரைக்கடியில். அங்கே விற்பனைக்கு நின்றவன் பிலிமோனி. அவன் ஊரும் உனைசியின் ஊரும் தவு. முன்னொரு காலத்தில் ஒரே சாமியைக் கும்பிட்ட ஊர்கள். தவு என்றால் கண்டதும் திட்டலாம், தட்டில் இருப்பதை எடுத்துத் தின்னலாம், தோளில் கிடக்கிற துண்டை உருவிக்கொண்டு போகலாம். கோபம் மட்டும் வரக் கூடாது. கோபப்பட்ட ஆளைப் பார்த்து ரெண்டு ஊரும் சேர்ந்து சிரிக்கும்.

"யாரு இது, வெள்ளத்துல அடிச்சுக்கிட்டு வந்த மாதிரி?" என்று பிலிமோனி தொலைவிலேயே கத்தினான். "தவு, மீன் மார்க்கெட்டு அந்தப் பக்கம்!"

"மீனுக்குத்தான் வந்தேன். நாத்தம் இங்கருந்து வந்துச்சு."

கடையே திரும்பிப் பார்த்தது. அவன் நெஞ்சில் அடித்துக்கொண்டு வந்தான். லேப்டாப் என்றதும் இன்னும் குஷி.

"உங்க ஊருக்குக் கரண்டு வந்துடுச்சா? இல்ல, இது மேல வெச்சு மரவள்ளிக் கெழங்கு வெட்டப் போறியா?"

"கரண்டு உங்க ஊருலருந்து திருடிக்கலாம். நீங்கதான் ஆறு மணிக்கே தூங்கிடுவீங்களே. வெலயச் சொல்லு."

விலை ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பது. அவளிடம் இருந்தது முனிரத்தினம் கொடுத்தது மட்டும். பிலிமோனி தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போய், ஒட்டுத்தாள் கிழிந்த ஒரு பெட்டியைக் கொண்டுவந்தான்.

"பெட்டி பிரிச்சதுதான். ஒருத்தன் வாங்கிட்டு வேணாம்னு கொண்டாந்து குடுத்துட்டான். உள்ள எல்லாம் புதுசு. ஆயிரத்தஞ்ஞூறு, எடுத்துக்க."

"அவன் ஏன் வேணாம்னான்?"

"உங்க ஊர்க்காரனா இருப்பான். தலைகீழாப் புடிச்சுக்கிட்டு எழுத்தே தெரியலன்னான்."

கடை முழுக்கச் சிரிப்பு. எல்லாரையும் விட உனைசிதான் அதிகம் சிரித்தாள். வேறு யாராவது விற்றிருந்தால் அவள் விட்டிருக்க மாட்டாள். போடு, எரியவிடு, வெளிச்சத்தில் திருப்பிக் காட்டு என்று கழுத்தில் உட்கார்ந்திருப்பாள்; அச்சுக்கடையில் தாள் கட்டு வந்தால் எண்ணிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதவள். ஆனால் தவுவிடம் வாங்குவது வாங்குவது மாதிரி இல்லை. அது பிடுங்குகிற ஆட்டம். நின்று சோதித்துப் பார்த்தால் ஆட்டம் கெட்டுவிடும். அவள் பணத்தை எண்ணி வைத்துவிட்டு, பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அலமாரியிலிருந்து ஒரு பையையும் ஒரு மவுஸையும் எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

"திருடி! திருடி! பிடிங்க அவள!" என்று பிலிமோனி வாசல் வரைக்கும் கத்திக்கொண்டே பின்னால் வந்தான். தெருவில் போனவர்கள் கைதட்டினார்கள். ஐம்பது டாலர் சாமானைச் சும்மா கொண்டுவந்தேன் என்று உனைசி ஒரு வாரம் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.

ரொட்டிக்கடைக்குப் பின்னால் அவளுடைய வாடகை அறை. மேசையில் வைத்துத் திறந்தபோதே கீல் கிறீச்சென்றது. திரையில் மேலே ஒரு பச்சைப் புள்ளி. ஈ எச்சம் என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்தாள். போகவில்லை. மூன்றாம் நாள் புள்ளியிலிருந்து ஒரு பச்சைக் கோடு கீழே இறங்கி, திரையை ரெண்டாகப் பிளந்தது. இடது பக்கம் முழுக்க யாரோ தேயிலைத் தண்ணீரைக் கொட்டிய மாதிரி ஒரு கருஞ்சிவப்பு. அம்புக்குறி தானாகத் தாவியது. அவள் ஒரு பேரப்பிள்ளை பெயரை அடித்துக்கொண்டிருக்கும்போது அது போய்ப் பாட்டுக்குள் உட்கார்ந்துகொண்டது. சார்ஜ் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை.

பெட்டியோடு கடைக்குப் போனாள்.

"தவு, திரையில கோடு விழுந்திருக்கு."

"நாங்கதான் போட்டுக் குடுத்தோம். உங்க ஊர்க்காரங்க கோடு இல்லாம நேரா எழுத மாட்டீங்கல்ல?"

"நெஜமாத்தான் சொல்றேன் பிலிமோனி."

"நெஜமாவாம்! கேட்டீங்களா? அந்த ஊர்ல எப்பலருந்து நெஜம் பேச ஆரம்பிச்சீங்க?"

பக்கத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். உனைசியும் சிரித்தாக வேண்டியிருந்தது. சிரித்தாள். கன்னம் வலித்தது. இந்தச் சிரிப்பு இருக்கிற வரைக்கும் தன் பேச்சு எடுபடாது என்று அவளுக்கு அங்கேதான் புரிந்தது. விற்றவன் வேறு யாராக இருந்தாலும் மேசையில் அடித்திருக்கலாம். இவனிடம் குரலை உயர்த்தினால் நாளைக்கே ஊருக்கு ஊர் சொல்லிச் சிரிப்பார்கள்.

மேனேஜர் ரோனில் கண்ணாடி அறைக்குள் இருந்தான். சின்ன வயது, இஸ்திரி போட்ட சட்டை. பெட்டியைத் தொடாமலே பார்த்தான்.

"அஞ்சு புள்ளிக்குள்ள இருந்தா அது குறையே இல்லக்கா. கம்பெனி சட்டம்."

"இது புள்ளி இல்ல பாஸ். கோடு."

"கோடுன்னா மேல ஏதாவது அழுத்தியிருக்கணும். யாராவது உக்காந்தீங்களா?"

"நான் தனிக்கட்டை. என் வீட்ல உக்காரவே ஆள் இல்ல."

"சுவாவுல கம்பெனிக்கு அனுப்பிப் பாக்கணும். கப்பல்ல போயி கப்பல்ல வரணும். மூணு வாரம் ஆகும்."

ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரமும் லபாசாவில் ஆட்கள் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள். கதவைத் தட்டி வந்தவர்களை அவள் கைவிரித்துத் திருப்பி அனுப்பினாள். அவர்கள் பெரிய தெருவுக்குப் போய்ப் பழைய முதலாளியிடம் கொடுத்தார்கள். லேப்டாப் திரும்பி வந்தபோது கோடு போயிருந்தது. "சரி பண்ணியாச்சு" என்றான் ரோனில். ரெண்டு நாள் கழித்துக் கோடு திரும்பி வந்தது, கூடவே இன்னொன்றையும் அழைத்துக்கொண்டு. இடது பக்கச் சிவப்பு அசையவே இல்லை. மறுபடி கப்பலில் அனுப்ப அவளுக்குத் தைரியம் இல்லை. வருஷம் ஓடிக்கொண்டிருந்தது. கோட்டைக் கண்ணால் தாண்டப் பழகிக்கொண்டு வேலை செய்தாள்; இடது பக்கச் சிவப்பு பழகிப் பழகிக் கண்ணில் படாமலே போனது. சின்னச் சாவுகள் நாலைந்து ஒழுங்காகப் போயின. வந்த காசு வாடகைக்கும் மைக்கும் சரியாக இருந்தது.

அப்போதுதான் நேமானி செத்தார். ஓய்வுபெற்ற போலீஸ் சார்ஜென்ட், பெரிய குடும்பம், ஐந்நூறு புத்தகம். இது ஒழுங்காகப் போனால் ஊரில் அவள் பேர் நிற்கும். கடனில் பாதி ஒரே தடவையில் அடையும்.

அட்டைப் படத்தில் முகம் இடது பக்கம் அமைந்தது. திரையில் பார்த்தால் நேமானி அடுப்புக்கரி மாதிரித் தெரிந்தார். கொஞ்சம் வெளுத்தாள். இன்னும் கறுப்பு. இன்னும் கொஞ்சம் வெளுத்தாள். திரையில் நேமானி நேமானியாகத் தெரிந்தபோது அச்சுக்கு விட்டாள். தாளில் முகம் வெளிறித்தான் வந்தது. அதை அவள் பார்க்காமல் இல்லை. ஆனால் பிரிண்டர் பழசு, லேப்டாப் புதுசு. பழையதுதான் பொய் சொல்கிறது என்று நினைத்துவிட்டாள். கறுப்பு மை குறைந்திருக்கும் என்று புதுக்குப்பி வாங்கி மாட்டினாள். ஐந்நூறையும் அடித்து முடித்து, மடித்து, பின் அடித்து, டாக்சியில் ஏற்றிக்கொண்டு கோவிலுக்குப் போனாள்.

வாசலில் நின்ற நேமானியின் அக்காள் முதல் புத்தகத்தை வாங்கினாள். கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இது யாரு? எந் தம்பி எங்க?"

மூத்த மகன் ஜோசேவா எட்டிப் பார்த்தான். "முப்பது வருஷம் நடுரோட்டுல வெயில்ல நின்ன மனுஷன். மாவுல பொரட்டி எடுத்து வெச்சிருக்க."

"திரையில நல்லாத்தான் தெரிஞ்சுச்சு..."

"திரைக்கா நாங்க சாவு எடுக்குறோம்? எங்கப்பாவ வெள்ளக்காரனாக்கி அனுப்பப் பாக்குறியே! மேல போனா அவர உள்ளயே விட மாட்டாங்க!"

வேண்டாம் என்று சொல்லவும் நேரம் இல்லை, மணி அடித்துவிட்டது. ஐந்நூறு பேரும் ஆளுக்கொரு வெள்ளை நேமானியைக் கையில் பிடித்துக்கொண்டு பாடினார்கள். சின்னப் பையன்கள் பின்வரிசையில் தோள் குலுங்கச் சிரித்தார்கள். ஜோசேவா காசு தரவில்லை. அவள் கேட்கவும் இல்லை. அன்றிலிருந்து யாரும் அந்த ரொட்டிக்கடைச் சந்துக்குள் நுழையவில்லை. பழைய முதலாளி மட்டும் ஒருநாள் ஸ்கூட்டரை நிறுத்தி, "உனைசி, நானும் கொஞ்சம் சிவப்பாகணும், ஒரு போட்டோ எடுத்து விடேன்" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவளை ஆபீசுக்குப் போகவைத்தது அந்தக் கிண்டல்தான். ஏமாந்த ஜனங்கள் புகார் கொடுக்கிற அரசாங்க ஆபீஸ் ஒன்று டவுனில் இருக்கிறது. அங்கே இருந்த அதிகாரியும் உனைசி மாதிரி ஒரு பூர்வகுடிப் பெண்தான், கண்ணாடி போட்டு, முடியை இழுத்துக் கட்டியவள். லேப்டாப்பைப் போட்டுப் பார்த்தாள். இடது பக்கம் தன் கை போட்டோவை வைத்துப் பார்த்தாள், அதையே வலது பக்கம் நகர்த்திப் பார்த்தாள். கை ரெண்டு பேருடைய கை மாதிரி இருந்தது.

"இத வித்தவன் கூசாம வித்திருக்கான். வாரண்டி இருக்கு, ஒரு தடவ ரிப்பேருக்கும் போயிருக்கு. முழுப் பணமும் குடுத்தாகணும். வியாழக்கிழம அவங்களக் கூப்பிடுறேன். நீயும் வா."

"முழுசா கெடைக்குமா அம்மா?"

"கெடைக்கலன்னா என் பேர மாத்திக் கூப்பிடு."

உனைசி அன்றைக்கு மார்க்கெட்டில் பெரிய நண்டுக் கட்டு ஒன்று வாங்கினாள். எத்தனையோ மாசத்துக்கப்புறம்.

புதன்கிழமை மத்தியானம் ஊரிலிருந்து போன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவள் தாய்மாமன் இலியேசா இருந்தார். அம்மா செத்தபிறகு அந்தக் குடும்பத்துக்குத் தலை அவர்தான். "சீக்கிரம் வா" என்றாள் மாமி லிதியா. யாருக்கோ உடம்புக்கு ஆகவில்லை என்று பயந்து அடித்துப் பிடித்து பஸ் ஏறினாள்.

வாசலில் கடையின் வேன் நின்றது. உள்ளே பாயில் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மரத்தொட்டி. யங்கோனா வேரை இடித்துத் தண்ணீரில் கலக்கி, குடிக்க முதல் சுற்று போய்விட்டது. வீடு முழுக்க அந்த மண் வாசனை. ரோனில் இஸ்திரிச் சட்டைக்குக் கீழே உள்ளூர் வேட்டியான சுலு கட்டிக்கொண்டு சம்மணம் போட்டிருந்தான். பிலிமோனி தலையை நிமிர்த்தவே இல்லை. அவன் சிரிக்காமல் இருந்து அவள் பார்த்தது அன்றைக்குத்தான். சுவர் ஓரமாக மீதி வேர்க்கட்டும், ஒரு பெட்டி மீன் டின்னும் இருந்தன.

பொம்பளைகள் பக்கம் கதவோரம் உட்கார்ந்தாள். லிதியா காதில் சொன்னாள்.

"மன்னிப்பு வேர் கொண்டாந்தாங்க. பிலிமோனிதான் பேசுனான். எவ்வளவு அழகாப் பேசுனான் தெரியுமா? எங்களால உங்க பொண்ணுக்குச் சங்கடம், மன்னிக்கணும், இது இங்கயே முடியணும்னு. அழுதுட்டான். எனக்கே கண்ணுல தண்ணி."

"மாமா என்ன சொன்னாரு?"

"என்ன சொல்வாரு? வேரத் தொட்டாரு. ஏத்துக்கிட்டேன்னாரு. கை தட்டியாச்சு."

உனைசி எழுந்து நின்றுவிட்டாள். பொம்பளை அப்படி நிற்கக் கூடாது. நின்றாள்.

"என்னக் கேட்டீங்களா மாமா?"

இலியேசா மெதுவாகத் திரும்பினார். குரல் கனமாக இருந்தது. "உக்காரு."

"லேப்டாப்பு என்னோடது. கடன் என்னோடது. மானம் போனது என்னோடது. கை மட்டும் உங்களோடதா?"

"ஒருத்தன் தலையக் குனிஞ்சு வேர முன்னால வெச்சா, அதத் தள்ளிவிட்ட ஆளு நம்ம வீட்ல இதுவரைக்கும் இல்ல. தள்ளுனா நாளைக்கு நாம கொண்டுபோற வேரையும் எவனும் தொட மாட்டான். முடிஞ்சுபோச்சு. நாளைக்கு நீ அந்த ஆபீசுக்குப் போகல."

"அண்ணன் சொன்னாச் சரிதான்" என்றார் வட்டத்தில் ஒருவர். யாரோ அடுத்த சிரட்டையை மொண்டார்கள். ரோனில் ரெண்டு கையாலும் பணிவாக வாங்கி, ஒரே மூச்சில் குடித்துவிட்டு, முறை தவறாமல் மூன்று தடவை தட்டினான். எங்கே தட்ட வேண்டும், எத்தனை தட்ட வேண்டும் என்று அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இந்தியக் குடும்பம்தான், ஆனால் பிஜியில் பிறந்து வளர்ந்த பிள்ளை. வியாபாரம் தெரிந்த பிள்ளை. எண்பது டாலர் வேர், முப்பது டாலர் மீன்.

வியாழக்கிழமை அவள் ஆபீசுக்குப் போனாள்; போகக் கூடாது என்று சொன்னார்கள், சொல்லிவிட்டாவது வரவேண்டும் என்று போனாள். கடையிலிருந்து யாரும் வரவில்லை. வரமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

"கேஸ் வேணாம் அம்மா."

அதிகாரி பேனாவை வைத்தாள். "மெரட்டுனானா?"

"இல்ல. வேர் கொண்டாந்தாங்க. மாமா வாங்கிட்டாரு."

அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தாள்.

"குடிச்சாச்சா?"

"குடிச்சாச்சு."

"எங்கிட்டச் சட்டம் இருக்கு உனைசி. நீ சரின்னா இப்பவே அவன இழுத்துட்டு வர முடியும்." சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, தானே தலையாட்டினாள். "எனக்கும் ஊரு இருக்கு. போயிட்டு வா."

டிசம்பர் பிறந்தது. முனிரத்தினம் சந்துக்குள் நடந்தே வந்தார். உனைசி நடந்ததைச் சொன்னாள். அவர் கடைசி வரைக்கும் கேட்டார். கேட்டுவிட்டு லேப்டாப்பைத் திறந்து பார்த்தார். கோடு இப்போது மூன்று.

"நல்லா ஏமாந்திருக்க."

"ஆமா அண்ணே."

"ஒங்க மாமா கை தட்டுன சத்தத்துல எம் பஸ்ஸு கியர்பாக்சு ஓடாது. ரெண்டு பஸ்ஸு முடங்கி நிக்குது. எனக்கும் எவனும் சும்மா குடுக்கல, நானும் எவனுக்கும் சும்மா குடுத்ததில்ல. வட்டி கேக்கல. அசலக் குடு."

"எங்கருந்து குடுக்க?"

"வாங்குனப்ப எங்கிட்ட அதக் கேக்கலியே நீ."

கடுமையான பேச்சுதான். ஆனால் அவர் சொன்னதில் தப்பு என்ன? அவர் மேசையில் எந்த வேரும் வைக்கப்படவில்லை. முனிரத்தினம் போனபிறகு உனைசி லேப்டாப்பை விற்க ரெண்டு இடத்தில் கேட்டுப் பார்த்தாள். ஒருவன் நூறு என்றான். இன்னொருவன், "வெள்ளை நேமானி அடிச்சதுதானே?" என்று கேட்டான். பழைய முதலாளியிடம் திரும்பிப் போகலாம். அவர் மணிக்கு மூன்றரை தருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். பிழைப்பை யோசித்து, கடனை யோசித்து, ஞாயிற்றுக்கிழமை கோவில் முடிந்தபிறகு அவள் ஆற்றைத் தாண்டி மாமா வீட்டுக்குப் போனாள். கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை. ரொட்டிகூட இல்லை.

இலியேசாவின் வீட்டுக் கூரையை ரெண்டு வருஷத்துக்கு முன்னால் புயல் தூக்கிக்கொண்டு போனது. அன்றிலிருந்து மேலே நீலத் தார்ப்பாய். மலைத்தோட்டத்து யங்கோனாவைப் பிடுங்கி விற்றுத் தகரத்துக்குச் சேர்த்து வைத்திருந்தார். இது ஊருக்கே தெரியும். ஜனவரியில் கூரை போட ஆள்கூடச் சொல்லியாகிவிட்டது.

சாப்பிட்டு முடித்துச் சாய்ந்திருந்தார். அவள் எதிரில் போய் நேராக உட்கார்ந்தாள்.

"மாமா, நான் உங்க வாசு."

அவர் கண்ணைத் திறந்தார். கூடப்பிறந்தவள் பிள்ளைக்குத் தாய்மாமன் பொருளில் இங்கே ஒரு உரிமை உண்டு. அந்தப் பிள்ளைக்கு வாசு என்று பேர். வாசு கை வைத்ததை மாமன் இல்லை என்று சொல்ல முடியாது. முன்காலத்தில் படகையே இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். இப்போதெல்லாம் அது ஒரு கோழி, ஒரு பாய், விசேஷத்தில் விளையாட்டாக ஒரு சட்டை. அந்த வார்த்தையைச் சிரிக்காமல் சொல்லி இலியேசா கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும்.

"என்ன வேணும்?"

"ஆயிரத்தஞ்ஞூறு."

லிதியா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். "என்ன கேக்குறா இவ? கூரைக்காசு அது! மழக்காலம் வந்துடுச்சு! இந்த வீட்லதான் ஒன்ன வளத்தோம்!"

"நீ பேசாத" என்றார் இலியேசா. பிறகு அவளைப் பார்த்து, "இதுக்கு வேற ஆளு கெடைக்கலியா ஒனக்கு? எம் மேலயா வைக்கிற? எங்கக்கா இருந்தா இப்படிக் கேப்பாளா?"

"அம்மா இருந்திருந்தா அந்த வேர வாசலத் தாண்ட விட்டிருக்காது."

"நம்ம மொறையத்தான் நான் காப்பாத்துனேன்."

"நானும் நம்ம மொறையத்தான் கேக்குறேன். கடைக்காரங்கிட்ட என் வாய நீங்க கட்டிட்டீங்க. சரி, கட்டுனது கட்டுனதுதான், அவங்கிட்டப் போகல. உங்ககிட்ட வர்றதுக்கு யாரும் இன்னும் வேர் வைக்கல."

"என் ரத்தத்தக் கேக்குறடி நீ."

"ரத்தம் வேணாம் மாமா. ஆயிரத்தஞ்ஞூறு போதும்."

அவர் வெகுநேரம் தார்ப்பாயையே பார்த்துக்கொண்டிருந்தார். காற்றில் அது உப்பி உப்பி அடங்கியது. மறுத்தால் யாரும் அவரைக் கோர்ட்டுக்கு இழுக்கப் போவதில்லை. ஆனால் வாசுவை வெறுங்கையோடு அனுப்பியவன் என்ற பேச்சோடு அவர் அந்த வட்டத்தில் எப்படிப் போய் உட்காருவார்? வேரை ஏற்றுக்கொள்ளவைத்த அதே முதுகெலும்புதான் இப்போது அவரை எழுப்பியது. முழங்காலில் கையூன்றி எழுந்து உள்ளே போனார். டிரங்குப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. லிதியா கரண்டியைத் தரையில் போட்டுவிட்டு வெளியே போய்விட்டாள்.

வந்து எதிரில் உட்கார்ந்தார். பிஸ்கட் டின்னின் மூடியைத் திறந்தார். உனைசி வலது கையை விரித்து நீட்டினாள். மாமன் கொடுப்பதைக் குனிந்து, ரெண்டு கையாலும் வாங்குவதுதான் வழக்கம். அவள் குனியவில்லை.

அவர் எண்ண ஆரம்பித்தார். இருபதுகள், பத்துகள், மலைமண் ஒட்டிய ஐந்துகள். ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் நீவி, அவள் உள்ளங்கையில் வைத்தார். கற்றை கனத்துச் சரியப் பார்த்தபோது இடதுகையைக் கீழே முட்டுக் கொடுத்துக்கொண்டாள். ரெண்டு பேரும் முகத்தைப் பார்த்துக்கொள்ளவில்லை.

"இதுக்கப்புறம் நீ இந்த வீட்டுக்கு வர வேணாம்" என்றார் எண்ணிக்கைக்கு நடுவில்.

"சரி மாமா."

"கூரை போடுறப்பவும்."

"எண்ணுங்க. ஆயிரத்து நானூத்திநாப்பது."

கடைசியில் ஒரு ரெண்டு டாலர் நாணயத்தோடு டின் காலியானது. எட்டு டாலர் குறைந்தது. இலியேசா சட்டைப்பையைத் தடவினார், பாய்க்கடியில் பார்த்தார். பிறகு பைபிளைத் திறந்து, ஒலிம்பிக் ரக்பியில் தங்கம் ஜெயித்ததற்காக அரசாங்கம் அடித்த ஏழு டாலர் நோட்டை எடுத்தார். கசங்காமல், மடிக்காமல் வைத்திருந்தது. அதை அவள் கையில் மேலாக வைத்தார். அதன்மேல் ஒரு டாலர் நாணயத்தை வைத்து அழுத்தினார்.